அம்பாரத்தின் வடக்குப் பக்கம்

1

அன்றைக்கு இருந்தவர்கள்:

இந்தப் பக்கம், சிங்கப்பூரில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான். என் மனைவி மேரி. என் மகள் ஷாரன். அவள் உட்காரவில்லை. ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

அந்தப் பக்கம், போன் திரையில், பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் என் தம்பி மகள் பிலோமி. அவள் அம்மா. புதுக் கம்பெனி ஆரம்பிப்பவர்களுக்கு உதவ அரசாங்கம் தஞ்சாவூரில் திறந்திருக்கும் மையத்திலிருந்து வந்த தினேஷ் என்ற அலுவலர். கழுத்தில் அட்டை தொங்கியது.

திரைக்கு வெளியே ஒருவர் இருமினார்.

"யாரும்மா அது?" என்றேன்.

"யாருமில்ல பெரியப்பா" என்றாள் பிலோமி.

இருமுகிற ஆளை இல்லை என்று சொன்னால், அதற்குப் பிறகு சொல்கிற எதுவும் எனக்குக் காதில் ஏறாது.

2

நான் எட்டாவது வரை படித்தவன். இங்கே வந்தது கப்பல் பட்டறைக்கு, வெல்டிங் வேலைக்கு. அப்போது ஊரில் பாதிப் பேர் ஏஜெண்டு வீட்டு வாசலில் நின்றார்கள். மீதிப் பேர் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எடுத்தேன், நின்றேன், வந்தேன். இப்போது வீடு இங்கேதான். காலையில் கோப்பிக்கடை, பிறகு பட்டறை, சாயங்காலம் வீடு. ஊர்க்காரர்கள் சிங்கப்பூர் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். வேலை இருக்கிறது என்பேன். வேறு என்ன சொல்ல.

ஊரில் எனக்குக் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. கலியமூர்த்தி வாரத்துக்குப் பார்க்கிறான். விளைவதில் பாதி அவனுக்கு, பாதி எனக்கு.

பிலோமி என் தம்பியின் ஒரே மகள். தம்பி தவறிவிட்டான். இவள் இன்ஜினியரிங் படித்தாள். சென்னையில் வேலை கிடைத்தது. அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து ஒரு குச்சி செய்கிறாள் என்று மேரி சொன்னபோது நான் நம்பவில்லை. யாராவது மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுக் குச்சி செய்வார்களா?

குச்சி என்றால் குச்சியேதான். ஆள் உயர இரும்புக் குச்சி. நெல் அம்பாரத்தில் குத்தினால் உள்ளே எவ்வளவு ஈரம் என்று போனில் காட்டும். அவள் அதற்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தாள். ஊர் குச்சி என்றது. கொஞ்ச நாளில் அவளும் குச்சி என்றே சொல்ல ஆரம்பித்தாள்.

டெல்டாவில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நெல்லை அறுத்து அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் கொட்ட வேண்டும். முறை வரும்வரை அங்கேயே அம்பாரமாகக் குவிந்து கிடக்கும். ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் கெஞ்சிக் கூத்தாடினால் மேலே கேட்டுக் கொஞ்சம் கூட்டித் தருவார்கள். குறுவை அறுப்போ மழையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும். உன் நெல்லில் எவ்வளவு ஈரம் என்று உனக்குத் தெரியாது. நிலையத்தில் இருக்கும் மீட்டருக்குத்தான் தெரியும். அது சொன்னது சொன்னதுதான்.

அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் என்ன என்கிறாள் பிலோமி. நல்ல எண்ணம். நல்ல எண்ணமாக இருப்பதால்தான் எனக்குப் பயம்.

3

தினேஷ் நன்றாகப் பேசினார். புத்தொழில் என்றார். சூழலமைப்பு என்றார். அடைகாப்பு மையம் என்றார். எங்கள் பக்கத்தில் கோழிக்குத்தான் அப்படிச் சொல்வோம். பிறகு இதைச் சொன்னார்:

"ஐயா, இது கடன் இல்லை. திருப்பிக் கட்ட வேண்டியதே இல்லை."

நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

எங்கள் அப்பா காலத்தில் மாட்டுக்கடன் வந்தது. மாடு வாங்கியாயிற்றா என்று பார்க்க ஆபீசர் வந்தார். ஊரில் கறவை மாடு ஒன்றே ஒன்று. முதல் வீட்டில் கட்டியிருந்தது. ஆபீசர் அங்கே மோர் குடித்து முடிப்பதற்குள் கொல்லை வழியாக இரண்டாவது வீட்டுக்குப் போனது. பிறகு மூன்றாவது வீடு. நாலாவது வீட்டில் மாடு படுத்துவிட்டது. வாலை முறுக்கியும் எழுந்திருக்கவில்லை. ஐந்தாவது வீட்டுக்காரர், மாடு மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது என்றார். ஆபீசரும் அப்படியே எழுதிக்கொண்டார். அவருக்கும் தெரியும். மாட்டுக்கே தெரியும்.

"அப்ப அரசாங்கத்துக்கு இதுல என்ன வரும்?" என்று கேட்டேன்.

"கம்பெனியில ஒரு சின்னப் பங்கு எடுத்துக்குவோம் ஐயா."

"வாரமா?"

அவருக்குப் புரியவில்லை. பிலோமி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

"வாரம்னா அறுப்புக்குக் களத்துல ஆளு வந்து உக்காரும். உங்க பக்கத்துலேர்ந்து யாரு வந்து உக்காருவா?"

"ஒரு வழிகாட்டியை அனுப்புவோம் ஐயா. அனுபவம் உள்ளவங்க."

"அதான். கணக்குப்பிள்ளை."

"அப்பா, சும்மா இருங்க" என்றாள் ஷாரன்.

நான் இருக்கவில்லை. இன்னொன்று கேட்டேன். "நிலையத்துல இருக்கற மீட்டரு அரசாங்கத்துது. இந்தக் குச்சிக்குப் பணம் குடுக்கறதும் அரசாங்கம். ரெண்டும் வேற வேற சொன்னா?"

"அது வேற துறை ஐயா. நாங்க வேற துறை."

"ரெண்டும் ஒரே அரசாங்கம்தானே?"

"ஆமாங்கய்யா. ஆனா வேற துறை."

ஷாரன் என் காதருகில் குனிந்தாள். "இங்கேயும் சின்னக் கம்பெனிகளுக்கு கவர்மெண்ட் காசு கொடுக்குது அப்பா. எல்லா நாட்டிலும் உண்டு."

"இங்கே குடுத்தா எங்கே திரும்ப எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும். அங்கே தெரியாது" என்றேன்.

அவள் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டாள். ஆனால் போகவில்லை.

4

விஷயம் இதுதான். பணம் கொடுப்பதற்கு முன்னால் மதிப்பீட்டுக் குழுவிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். கொள்முதல் நிலையத்தில், உண்மையான விவசாயி ஒருவரின் அம்பாரத்தில், அரசாங்க மீட்டர் பக்கத்தில் இருக்கும்போதே குச்சி வேலை செய்ய வேண்டும். குறுவை முடிவதற்குள் காட்ட வேண்டும்.

பிலோமி ஊரில் வீடு வீடாகக் கேட்டிருக்கிறாள். ஒருவரும் அம்பாரத்தைத் தரவில்லை.

முதல் காரணம் குறி. காத்துக் கிடக்கும் அம்பாரத்தின் மேல் சாம்பலால் குறி போட்டிருப்பார்கள். யாராவது கை வைத்தால் குறி கலைந்து காட்டிக்கொடுக்கும். அதில் குச்சியை இறக்கிக் கலைத்துவிட்டால், அன்று இரண்டு மரக்கால் குறைந்தாலும் யாரைக் கேட்பது?

இரண்டாவது காரணம் பட்டியல் எழுத்தர். நிலையத்தில் ஈரம் பார்ப்பதும் ரசீது போடுவதும் அவர்தான். "நீயே அளந்துக்கிட்டியா? அப்ப நீயே வித்துக்க" என்று சொல்லிவிட்டால்? அவர் அப்படிச் சொன்னதில்லை. சொல்லிவிடுவாரோ என்பதே போதும்.

"பெரியப்பா, நம்ம அம்பாரத்தைத் தாங்க" என்றாள்.

"இது கைகூடலைன்னா குச்சியைப் பரண்ல போட்டுட்டு மறுபடி மெட்ராஸ்தான் அத்தான்" என்றாள் அவள் அம்மா.

"பாதி கலியமூர்த்தி நெல்லு. அவனைக் கேட்டியா?"

மறுபடி இருமல்.

"இருமறது யாருன்னு இப்பச் சொல்லு."

திரை ஓரத்தில் பாதி முகம் வந்தது. கலியமூர்த்தி.

"நான்தாண்ணே. சளி."

"எதுக்குடா ஒளிஞ்சே?"

"பாப்பாதான் சொல்லுச்சு. நான் முன்னாடியே ஒத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா நீங்க சந்தேகப்படுவீங்களாம். நீங்க சரின்னு சொன்ன பொறவு வரச் சொல்லுச்சு."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். சந்தேகப்பட்டேன்.

"சரி" என்றும் சொன்னேன்.

5

பட்டறையில் நாங்கள் பற்றவைத்த இடத்தை மெஷின் வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஓட்டை, வெடிப்பு இருந்தால் அது காட்டும். புது மெஷின் வந்தால் என் மேஸ்திரி முதலில் நல்ல துண்டைக் கொடுக்க மாட்டார். கெட்டுப்போன துண்டைக் கொடுப்பார். கெட்டது என்று மெஷின் சொன்னால்தான் மற்றதைக் காட்டுவார். நல்லதை நல்லது என்று சொல்ல மெஷின் எதற்கு?

பிலோமியின் குச்சி நெல்லைப் பார்த்துச் சொல்கிறதா, ஆளைப் பார்த்துச் சொல்கிறதா? எண் அவள் போனில் வருகிறது. போன் அவள் கையில் இருக்கிறது.

குழு வருவதற்கு முதல் நாள் கலியமூர்த்திக்குப் போன் போட்டேன். அம்பாரத்தை நிலையத்தில் கொட்டிவிட்டு அவன் அங்கேயே காவல் கிடந்தான்.

"வடக்குப் பக்கம் ஒரு குடம் தண்ணி ஊத்து."

"எதுலண்ணே?"

"அம்பாரத்துல."

இருமினான்.

"அண்ணே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சொன்னதைச் செய். நல்லா உள்ள எறங்கட்டும். மேல காஞ்ச நெல்லைத் தள்ளி மூடிட்டு மறுபடி குறி போட்டுடு."

"அதுல என் பாதியும் கெடக்குதுண்ணே."

"உன் பாதி தெக்குப் பக்கம்னு வச்சுக்க."

"இது என்னண்ணே நியாயம்?"

"நஷ்டம்னா என் பாதியில எடுத்துக்க. யாருகிட்டயும் மூச்சு விடாதே. பிலோமிகிட்டயும்."

"உங்க மாதா மேலயும் எங்க அய்யனார் மேலயும் சத்தியம்ண்ணே" என்றான். 

மேரியிடம் நானும் சொல்லவில்லை.

6

மறுநாள் பட்டறையில் சாப்பாட்டு நேரம். கண்டெய்னர் நிழலில் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பிலோமியின் அம்மா அங்கே போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் நிலையம் ஆடியது. படுதா மூடிய அம்பாரங்கள். கறுத்த வானம். எங்கள் அம்பாரத்தின் படுதாவை எடுத்திருந்தார்கள். வடக்கே எனக்காகச் சாம்பலில் ஒரு சிலுவை. தெற்கே கலியமூர்த்திக்கு மூன்று பட்டை.

குழுவிலிருந்து வந்தவர் ஓர் அம்மா. கண்ணாடி போட்டிருந்தார். அதிகம் பேசவில்லை. அதனால் எனக்கு அவரைப் பிடித்தது.

பட்டியல் எழுத்தர் தெற்குப் பக்கம் ஒரு கை அள்ளி மீட்டரில் போட்டார்.

"பதினாறு. போடலாம்."

பிலோமி அதே இடத்தில் குச்சியை இறக்கினாள். பதினாறு. தினேஷ் கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. போட்டோ எடுத்தார்கள். சுமைக்காரர் கோணியைப் பிரித்தார்.

"இன்னொரு இடத்துல குத்துங்க" என்றார் அந்த அம்மா.

"போதுமே மேடம், அதான் ஒத்துப்போச்சே" என்றார் தினேஷ்.

"குத்துங்க."

குச்சி சிலுவை வழியாக இறங்கியது. பிலோமி போனைப் பார்த்தாள். குச்சியை உருவித் துணியால் துடைத்து மறுபடி இறக்கினாள். மறுபடி பார்த்தாள்.

"இருபத்தொண்ணு" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

எழுத்தர் சிரித்தார். "ஒரே அம்பாரம், ஒரே நெல்லு. அங்க பதினாறு, இங்க இருபத்தொண்ணா? குச்சிக்குக் காய்ச்சல் அடிக்குதா பாருங்கம்மா."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். "மழை வருது சார், மூட்டையைப் பிடிங்க" என்று ஒருவர் கத்தினார். அந்த அம்மா ஏதோ எழுத ஆரம்பித்தார்.

பிலோமி குச்சியைத் தலைகீழாகப் பிடித்து அதன் முனையை ஊதினாள். "கோளாறாத்தான் இருக்கும் மேடம். வீட்டுல சரியாத்தான் காட்டுச்சு" என்றாள். அவளே நம்பிவிட்டாள்.

நான் பேசாமல் இருக்கலாம். அரசாங்க மீட்டர் பதினாறு சொல்லிவிட்டது. மழைக்கு முன்னால் நெல் போய்விடும். அரசாங்கத்துக்கு வாரமும் இல்லை, கணக்குப்பிள்ளையும் இல்லை. யாருக்கும் நஷ்டமில்லை. அவளுக்கு மட்டும்தான்.

"கலியமூர்த்தி" என்று கூப்பிட்டேன். அங்கே யாருக்கும் கேட்கவில்லை. கத்தினேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வங்காளதேசத்துக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே."

"நேத்து நீ என்ன செஞ்சேன்னு சொல்லு."

"நான் ஒண்ணும் செய்யலியேண்ணே."

"வடக்குப் பக்கம் என்ன செஞ்சே?"

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுண்ணே." பிறகு போனுக்குக் கிட்டே வந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "நீங்கதானே யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னீங்க?"

சிரிப்பு அடங்கியதும் நானே சொன்னேன். "ஒரு குடம் தண்ணி ஊத்தியிருக்கு. ஊத்தச் சொன்னது நான். குச்சியில கோளாறு இல்லை."

எழுத்தர் வடக்குப் பக்கம் முழங்கை வரை கையை விட்டு அள்ளினார். உள்ளங்கையைப் பார்த்தார். மீட்டரிலும் போட்டார். அந்த அம்மா தானே குனிந்து மீட்டரைப் பார்த்துவிட்டு, எழுதியதை அடித்து வேறு எழுதினார்.

"கோணியை மடி. காயவச்சுக் கொண்டாங்க" என்றார் எழுத்தர்.

"சார், தெக்குப் பக்கம் என் பாதி சார். அதை மட்டுமாவது எடுத்துக்கங்க" என்றான் கலியமூர்த்தி.

பிலோமி போனை வாங்கினாள்.

"பெரியப்பா, நீங்க என்னை நம்பலை."

"நம்பலை."

"இப்ப?"

"குச்சியை நம்புறேன்."

மணி அடித்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் மேரிக்கு ஊரிலிருந்து செய்தி வந்துவிட்டது. தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். "தகப்பன் இல்லாத பிள்ளை. அவளை நம்ப முடியலையா உங்களுக்கு?"

"நம்புறதுக்குத்தான் ஊத்தச் சொன்னேன்."

மறுபடி கேட்டாலும் ஊற்றத்தான் சொல்லுவேன்.

7

அன்று மழை பெய்தது. கலியமூர்த்தி நெல்லை ரோட்டில் கொட்டி, வெயில் வந்தபோது கிளறி, மழை வந்தபோது மூடி, கடைசியில் நிலையத்தில் போட்டான். முளைத்தது போக மிச்சம். முளைத்தது என் பாதியில் போனது. அதுதான் பேச்சு.

பணம் வந்தது. முதல் தவணை. தினேஷ் அனுப்பும் தாள்களெல்லாம் இங்கிலீஷில் இருக்கின்றன. பிலோமி அவற்றை ஷாரனுக்கு அனுப்புகிறாள். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை போனில் இங்கிலீஷில் பேசிச் சிரிக்கிறார்கள். அம்பாரம் என்றால் என்ன என்று கேட்ட என் மகள், இப்போது ஊரில் மழையா என்று எனக்குச் சொல்கிறாள். நான் நடுவில் இல்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்கள். இருக்கும்.

மையத்திலிருந்து வழிகாட்டியும் வந்தாராம். கம்பெனி சின்னத்தின் பச்சை நிறத்தை நீலமாக மாற்றச் சொன்னாராம். அந்தப் பங்கு எப்போது கேட்பார்கள், எப்படிக் கேட்பார்கள் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. பிலோமியை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த தவணைக்கு ஒரு நிபந்தனை. சொந்தக்காரர் அல்லாதவர்களும் குச்சியைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அது நியாயம். நானும் அப்படித்தான் கேட்பேன். ஒருவரும் இல்லை என்றால் அதோடு சரி. பரணும் மெட்ராஸும்தான்.

இதில்தான் சிக்கல். குச்சி உண்மை சொல்லும் என்று அன்று நிலையத்தில் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள். ஊருக்கே தெரிந்துவிட்டது. அதனாலேயே யாரும் கூப்பிடவில்லை. பழுதான குச்சி என்றிருந்தால்கூட விளையாட்டுக்குக் கூப்பிட்டிருப்பார்கள். காய்ந்தது மேலே, காயாதது அடியில். யார் அம்பாரமாக இருந்தாலும் அதற்கு ஒரு வடக்குப் பக்கம் இருக்கிறது. அதை எழுத்தருக்கு முன்னால் குத்திக் காட்ட யாருக்குப் பைத்தியம்? பிலோமி குச்சியோடு நிலையத்துக்குப் போனால், "பாப்பா, அந்தப் பக்கம் போயேன்" என்று படுதாவை இழுத்து மூடினார்களாம்.

சம்பா அறுப்பு வந்தது. பனி ஈரம். நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும் என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன். அவளே கூப்பிட்டாள்.

"அறுப்பு முடிஞ்சிருச்சு பெரியப்பா."

"நிலையத்துல யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

"ஒருத்தரும் கூப்பிடலை."

"தெரியும்."

"வீட்டுக்கு வந்தாங்க" என்றாள். "பொழுது சாஞ்ச பொறவு, கொல்லைப் பக்கமா. வாசல் வழியா ஒருத்தரும் வரலை. நிலையத்துக்கு ஏத்தறதுக்கு முன்னாடி எங்க களத்துல வந்து ஒரு தடவை குத்திப் பாரு, எனக்கு மட்டும் சொல்லு, அடுத்த வீட்டுக்காரனுக்குத் தெரியக் கூடாதுங்கறாங்க. அடுத்த வீட்டுக்காரரும் மறுநாள் அதையேதான் வந்து சொல்றாரு."

"காசு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. ஆனா பேரை எழுதாதேங்கறாங்க. மையத்துலயோ எத்தனை பேருன்னு எழுதிக் குடுங்கறாங்க."

"பேரு போடாம எண்ணிக்கையை மட்டும் எழுது. ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க. களத்துல குச்சி எறங்குன போட்டோ போதுமாம். முகம் வேண்டாமாம்."

சந்தேகமாகத்தான் இருந்தது. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டால் அடுத்து என்ன கேட்பார்களோ. அதைச் சொல்லவில்லை.

"எத்தனை?" என்றேன்.

"நம்மளதைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

"சேர்க்காம."

ஏழு.